டிஷ் அவங்களுது, பில் நம்மளுது! செயற்கைக்கோள் இணையத்தின் உண்மையான வாடிக்கையாளர் யார்?



"மலையில் இருந்தாலும் சரி, தீவில் இருந்தாலும் சரி, கூரை மேல ஒரு டிஷ் வெச்சா போதும். வானத்தில் இருந்து இன்டர்நெட் கொட்டும். இனி டவர் வேண்டாம், கேபிள் வேண்டாம், பள்ளம் தோண்ட வேண்டாம்."

ஸ்டார்லிங்க் பற்றி டிவி விவாதத்திலும் யூடியூப்பிலும் ஒரு வருஷமா இதைத்தான் சொல்றாங்க. எலான் மஸ்க்கின் ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனம் பூமியில் இருந்து சுமார் 550 கிலோமீட்டர் உயரத்தில் ஆயிரக்கணக்கான செயற்கைக்கோள்களைச் சுற்றவிட்டு நடத்தும் சேவை இது. 2025 ஜூனில் ஒன்றிய அரசின் தொலைத்தொடர்புத் துறை உரிமம் கொடுத்தது. ஜூலையில் இன்ஸ்பேஸ் அமைப்பு ஐந்து ஆண்டுக்கான அனுமதி கொடுத்தது. ஏர்டெல் குழுமத்தின் பங்கு உள்ள யூடெல்சாட் ஒன்வெப், ஜியோவும் லக்சம்பர்க் நாட்டு எஸ்இஎஸ்ஸும் சேர்ந்த கூட்டு நிறுவனம் ரெண்டும் ஏற்கெனவே உரிமத்தோடு நிற்கின்றன. அமேசானும் வரிசையில் நிற்கிறது.

இத்தனை பெரிய முதலாளிகள் வரிசை கட்டுறாங்கன்னா, சந்தை பெருசா இருக்கணும். அந்தச் சந்தையில் வாங்கப் போறது யாரு? அதைத்தான் இன்னைக்கு உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்க்கணும்.

பூடானில் ஸ்டார்லிங்க் வந்தபோது மாதக் கட்டணம் குறைந்தபட்சம் 3,000 நூல்ட்ரம், சாதாரண வீட்டுத் திட்டம் 4,200. அந்த ஊர் நாணயமும் நம்ம ரூபாயும் ஒரே மதிப்பு. வங்கதேசத்தில் டிஷ் உள்ளிட்ட கருவிக்கு மட்டும் 47,000 டாக்கா, நம்ம பணத்தில் சுமார் 33,000 ரூபாய். இந்தியாவில் மாதம் 3,000 ரூபாய் அளவில் இருக்கும் என்று தொலைத்தொடர்பு இணை அமைச்சர் பெம்மசானி சந்திரசேகரே சொல்லியிருக்கிறார். 2025 டிசம்பரில் அவர்களின் இந்திய இணையதளத்தில் மாதம் 8,600 ரூபாய், கருவிக்கு 34,000 ரூபாய் என்று ஒரு பக்கம் தெரிந்தது. பேச்சு கிளம்பியதும் "அது சோதனைக்காகப் போட்ட எண், உண்மை விலை இல்லை" என்று நிறுவனம் சொல்லிவிட்டது. சரி, அதை விட்டுடுவோம். குறைஞ்ச கணக்கையே எடுத்துக்குவோம்.

தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு 2025-26க்கு அறிவித்த தினக்கூலி 336 ரூபாய். நூறு நாளும் முழுசா வேலை கிடைச்சு (எங்க கிடைக்குது?), ஒரு பைசா பிடிக்காம கூலி வந்தா 33,600 ரூபாய். ஒரு குடும்பம் ஒரு வருஷம் முழுக்க மண் வெட்டிச் சம்பாதிச்சதை அப்படியே கொண்டுபோய்க் கொடுத்தா அந்த டிஷ் கிடைக்கும். மிச்சம் 600 ரூபாய். அப்புறம் மாசாமாசம் 3,000 யார் கட்டுறது? (அந்த நூறு நாள் வேலைத் திட்டத்தையே காந்தி பேரை எடுத்துட்டு வேற சட்டமா மாத்திட்டாங்க. அது தனிக் கதை, தனியா எழுதுவோம்.)

இந்த நாட்டில் மொபைல் வெச்சிருக்கிற ஒருத்தர் மாசம் சராசரியா ஜியோவுக்கும் ஏர்டெல்லுக்கும் 2025இல் கொடுத்தது சுமார் 200 முதல் 250 ரூபாய். நகரத்தில் ஃபைபர் இணைப்பு 399 ரூபாயிலேயே தொடங்குது. ஃபைபர் வர்ற தெருவில் இருக்கிறவன் மூவாயிரம் கொடுத்து வானத்தைப் பார்க்க மாட்டான். ஃபைபர் வராத ஊரில் இருக்கிறவனிடம் மூவாயிரம் இல்லை. அப்போ சந்தை எங்கே இருக்கு?

இன்னொரு தடையும் இருக்கு, அது விஞ்ஞானம். ஒரு செயற்கைக்கோள் ஒரு குறிப்பிட்ட வட்டாரத்துக்கு அனுப்பும் அலைவரிசையை அந்த வட்டாரத்தில் இருக்கிற எல்லாரும் பங்கு போட்டுக்கணும். ஆள் கூடக்கூட வேகம் குறையும். தெருக்குழாயில் பத்து குடம் நின்னா ஒரு மாதிரி, நூறு குடம் நின்னா வேற மாதிரி. நெரிசலான ஊர்களுக்கு இது சரிப்பட்டு வராது. டிஷ்ஷுக்கு மேலே திறந்த வானம் வேணும், மரம் மறைக்கக் கூடாது. நம்ம மலைக் கிராமங்களைச் சுற்றி என்ன இருக்குன்னு சொல்லணுமா? நாள் முழுக்க மின்சாரமும் வேணும்.

அதனால்தான் அதே இணை அமைச்சர் 2025 ஜூலையில் சொன்னார்: இந்தியாவில் ஸ்டார்லிங்க்கால் 20 லட்சம் வாடிக்கையாளருக்கு மேல் சேவை தர முடியாது, பிஎஸ்என்எல்லுக்கும் மற்றவர்களுக்கும் பாதிப்பு வராது என்று. நம்மைச் சமாதானப்படுத்தத்தான் சொன்னார். 140 கோடி பேர் இருக்கிற நாட்டில் 20 லட்சம்! இதுதான் "கடைக்கோடி கிராமத்துக்கும் இணையம்" என்ற முழக்கத்தின் உண்மையான அளவு.

ஆனா அதே 20 லட்சத்தை வியாபாரி கண்ணால பாருங்க. ஆளுக்கு மாதம் 3,000 என்றால் வருஷத்துக்கு 7,200 கோடி ரூபாய். 2025 நவம்பர் வாக்கில் உலகம் முழுக்க ஸ்டார்லிங்க் சேர்த்திருந்த வாடிக்கையாளர்கள் எண்பது லட்சத்துக்கும் சற்று மேல்தான். அப்படிப் பார்த்தா 20 லட்சம் சின்ன மீன் இல்லை. அந்த 20 லட்சத்தில் எஸ்டேட் பங்களா, ரிசார்ட், சுரங்கம், எண்ணெய்க் கிணறு, கப்பல், விமானம், வங்கிக் கிளை எல்லாம் வரும். அது போதாதே? மிச்சத்துக்கு ஆள் வேணுமே?

அந்த ஆள்தான் அரசாங்கம். அரசாங்கம்னா நீங்களும் நானும்.

இது கற்பனை இல்லை, தோழர்களே. 2025 மே 9 அன்று டிராய் கொடுத்த பரிந்துரையிலேயே இருக்கிறது. அலைக்கற்றைக் கட்டணமாக நிறுவனங்களின் கணக்கிடப்பட்ட வருவாயில் 4 சதவீதம், நகரத்து வாடிக்கையாளருக்கு ஆண்டுக்கு 500 ரூபாய் கூடுதல் என்றதைத்தான் செய்திகள் பெரிசா போட்டன. கூடவே இன்னொன்றும் சொன்னார்கள்: சேவை எட்டாத கிராமப் பகுதிகளில் டிஷ் வாங்க அரசு மானியம் கொடுப்பதைப் பரிசீலிக்கலாம், அதை டிஜிட்டல் பாரத் நிதியில் இருந்து எடுக்கலாம். மேலே போட்ட 7,200 கோடிக் கணக்கில் 4 சதவீதம் என்றால் 288 கோடி. ஒரு கையில் 288 கோடி வாங்கிக்கிட்டு, மறு கையில் டிஷ்ஷுக்கு மானியம் கொடுப்பார்களாம்.

டிஜிட்டல் பாரத் நிதி என்ன தெரியுமா? தொலைத்தொடர்பு நிறுவனங்கள் தங்கள் வருவாயில் 5 சதவீதத்தை கிராமப்புறச் சேவைக்காகக் கட்டுகிற நிதி. அந்த வருவாய் எங்கிருந்து வருது? நம்ம ரீசார்ஜில் இருந்துதான். கிராமத்துக்கு ஃபைபர் போடுறதுக்காக நம்மகிட்ட வாங்கிச் சேர்த்த காசு அது.

மகாராஷ்டிரத்தைப் பாருங்க. 2025 நவம்பரில் அந்த மாநில அரசு ஸ்டார்லிங்க்கோடு ஒப்பந்தக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டது. கட்சிரோலி, நந்துர்பார் போன்ற பின்தங்கிய மாவட்டங்களில் அரசு அலுவலகங்களையும் கிராமங்களையும் இணைக்கப் போறாங்களாம். கடை திறக்கிறதுக்கு முன்னாடியே முதல் வாடிக்கையாளரா அரசு போய் நிற்குது. 2025 மார்ச்சில் ரயில்வே அமைச்சர் அஸ்வினி வைஷ்ணவ் ஸ்டார்லிங்க்கை வரவேற்றுப் பதிவு போட்டதும் நினைவிருக்கலாம். தொலைதூர ரயில்வே திட்டங்களுக்குப் பயன்படும் என்றார். கொஞ்ச நேரத்தில் அந்தப் பதிவை அழித்துவிட்டார். பதிவை அழிக்கலாம், எண்ணத்தை?

இந்த வியாபாரத்தின் வரலாறே அப்படித்தான். 1998 நவம்பரில் மோட்டரோலா ஆதரவோடு இரிடியம் என்ற செயற்கைக்கோள் போன் நிறுவனம் சேவை தொடங்கியது. 66 செயற்கைக்கோள், சுமார் 500 கோடி டாலர் முதலீடு. உலகத்தின் எந்த மூலையில் இருந்தும் பேசலாம் என்றார்கள். ஒரு வருஷம்கூட ஆகவில்லை, 1999 ஆகஸ்டில் திவால். பிறகு 2.5 கோடி டாலருக்கு வேறு ஆட்கள் வாங்கினார்கள், அமெரிக்கப் பாதுகாப்புத் துறை ஒப்பந்தம் கொடுத்துக் கைதூக்கிவிட்டது. 2020 மார்ச்சில் ஒன்வெப் திவால் ஆனபோது காப்பாற்றியது பிரிட்டன் அரசின் பணமும் பார்தி நிறுவனத்தின் பணமும். சாமானியன் காசை மட்டும் நம்பி வானத்தில் கடை போட்டவன் நிலைச்சதே அபூர்வம்.

இப்போ நம்ம ஊர் முதலாளிகள் ஆடிய நாடகத்துக்கு வருவோம். 2024 அக்டோபரில் ஜியோ என்ன சொன்னது? "செயற்கைக்கோள் அலைக்கற்றையை ஏலம் விடு, அப்போதான் சமமான போட்டி" என்றது. ஏர்டெல்லின் சுனில் மிட்டல், நகரத்தில் சேவை தர நினைப்பவர்கள் எங்களைப் போலவே உரிமம் எடுத்து, அலைக்கற்றைக்குப் பணம் கட்டட்டும் என்றார். மஸ்க், ஏலம் என்பது உலகத்தில் இல்லாத வழக்கம் என்று மறுத்தார். அன்றே அமைச்சர் சிந்தியா ஏலம் கிடையாது என்று சொல்லிவிட்டார்.

அடுத்து? 2025 மார்ச் 11, ஏர்டெல் ஸ்பேஸ்எக்ஸுடன் ஒப்பந்தம். மார்ச் 12, ஜியோ ஸ்பேஸ்எக்ஸுடன் ஒப்பந்தம். நேத்து வரைக்கும் சண்டை போட்டவங்க ஒரே நாள் இடைவெளியில் அதே கம்பெனியின் பெட்டியைத் தங்கள் கடையில் விற்கச் சம்மதிச்சுட்டாங்க. ஏலத்தைப் பற்றிய பேச்சு அதுக்கப்புறம் உரக்கக் கேட்கவே இல்லை.

அலைக்கற்றை என்ற சொல்லைத் தமிழ்நாட்டில் டீக்கடை வரைக்கும் கொண்டுபோனவங்க யாரு? ஏலம் விடாம கொடுத்தா ஊழல், 1.76 லட்சம் கோடி போச்சு என்று தெருத்தெருவா மேடை போட்டவங்கதான். 2012 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் 122 உரிமங்களை ரத்து செய்தது. 2017 டிசம்பரில் சிறப்பு நீதிமன்றம் குற்றம்சாட்டப்பட்ட எல்லாரையும் விடுவித்தது. அந்த முழக்கத்தின் மேல் ஏறி ஆட்சிக்கு வந்தவங்க, 2023 டிசம்பரில் தொலைத்தொடர்புச் சட்டத்தை நிறைவேற்றி, செயற்கைக்கோள் அலைக்கற்றையை ஏலமில்லாமலே கொடுக்கலாம் என்று எழுதிக்கிட்டாங்க. 2012 தீர்ப்புக்கு விளக்கம் கேட்டு 2024இல் உச்ச நீதிமன்றக் கதவையும் தட்டினாங்க.

நியாயமா ஒன்னு சொல்லணும். செயற்கைக்கோள் அலைக்கற்றையை ஒரே பட்டையில் பல நிறுவனங்கள் பகிர்ந்து பயன்படுத்த முடியும். மொபைல் அலைக்கற்றை மாதிரி ஒருத்தருக்கே எழுதிக் கொடுக்கத் தேவையில்லை. பெரும்பாலான நாடுகள் இதை ஏலம் விடுவதில்லை. அதனால "ஏலம் விடு" என்பது நம்ம கோரிக்கை இல்லை. ஏலம் விடாம கொடுக்கிற பொதுச் சொத்துக்குப் பதிலா மக்களுக்கு என்ன கிடைக்குது? எத்தனை கிராமத்துக்கு, என்ன விலைக்கு, எந்தத் தேதிக்குள் என்ற நிபந்தனை எங்கே? அதைத்தான் கேட்கிறோம்.

சரி, ஃபைபர் கதை என்னாச்சு?

2011 அக்டோபரில் அன்றைய காங்கிரஸ் கூட்டணி அரசு எல்லா ஊராட்சிக்கும் கண்ணாடி இழை கேபிள் போடும் திட்டத்தைக் கொண்டுவந்தது. அவர்களும் சொன்ன காலத்தில் முடிக்கவில்லை. பின்னால் அது பாரத்நெட் ஆனது. 2020 ஆகஸ்ட் 15, செங்கோட்டையில் பிரதமர் மோடி என்ன சொன்னார்? நாட்டின் 6 லட்சம் கிராமங்களுக்கும் ஆயிரம் நாளில் ஃபைபர் போய்ச் சேரும் என்றார். அந்த ஆயிரம் நாள் 2023 மே மாதம் முடிந்தது. முடிந்த மூணாவது மாசம், 1,39,579 கோடி ரூபாய்க்குத் திருத்திய பாரத்நெட் திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்து, மறுபடி முதலில் இருந்து ஆரம்பிச்சாங்க.

தமிழ்நாட்டில் 12,525 ஊராட்சிகள். இங்கே பாரத்நெட் வேலையைச் செய்வது மாநில அரசின் தமிழ்நாடு ஃபைபர்நெட் கழகம், சுமார் 1,815 கோடி ரூபாய்த் திட்டம். ஊராட்சி சேவை மையக் கட்டிடத்தில் ரேக், ரவுட்டர், யுபிஎஸ் எல்லாம் கொண்டுவந்து வெச்சிருக்காங்க. பெட்டி வந்தது சரி, பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் அதில் இருந்து இணைப்பு போச்சா? ஒன்றிய அரசைக் கேட்கிற அதே கேள்வியை மாநில அரசையும் கேட்போம். இதில் நமக்குக் கூச்சம் கிடையாது.

பிஎஸ்என்எல்லை எடுத்துக்குங்க. ஏர்டெல் 2012 ஏப்ரலில் கொல்கத்தாவில் 4ஜி கொண்டுவந்தது. ஜியோ 2016 செப்டம்பரில் வந்தது. மக்களின் நிறுவனமான பிஎஸ்என்எல்லுக்கு நாடு தழுவிய 4ஜியை 2025 செப்டம்பரில்தான் தொடங்கிவைத்தார் பிரதமர். இடையில் 2020 ஜனவரி 31 அன்று ஒரே நாளில் 78,000க்கும் மேற்பட்ட ஊழியர்களை விருப்ப ஓய்வில் அனுப்பினார்கள். கேபிள் அறுந்தா எந்த மேன்ஹோலைத் திறக்கணும் என்று தெரிந்த கைகள் அவை. தணிக்கைத் துறை தலைவரின் அறிக்கை ஒன்று 2025இல் வந்தது. பிஎஸ்என்எல் கட்டமைப்பைப் பயன்படுத்திய ஜியோவிடம் 2014 மே முதல் பத்து ஆண்டுகள் கேட்க வேண்டிய கட்டணத்தைக் கேட்காமல் விட்டதால் அரசுக்கு சுமார் 1,757 கோடி ரூபாய் இழப்பு என்றது. நம்ம வீட்டு லேண்ட்லைனுக்கு ஒரு மாசம் பில் கட்டலன்னா மறுமாசம் லைனைக் கட் பண்ணின நிறுவனம் அது!

"அப்போ நீங்க செயற்கைக்கோளுக்கே எதிரியா?" என்று கமெண்டில் கேட்க வருவாங்க. மகேந்திரகிரியில் என்ஜின் சோதனை நடக்கிற மண்ணில் இருந்துகொண்டு யாராவது அப்படிச் சொல்வாங்களா? ஒன்வெப்பின் 72 செயற்கைக்கோளை 2022 அக்டோபரிலும் 2023 மார்ச்சிலும் ஏற்றிவிட்டது நம்ம எல்விஎம்3 ராக்கெட். 2025 டிசம்பர் 24ஆம் தேதி அமெரிக்க நிறுவனம் ஒன்றின் ஆறு டன் எடையுள்ள தொலைத்தொடர்புச் செயற்கைக்கோளையும் அதே ராக்கெட்தான் சுமந்துபோனது. இணையத்துக்கென்றே இந்தியா கட்டிய ஜிசாட்-என்2, 48 ஜிகாபிட் திறன் கொண்டது, 2024 நவம்பரில் இருந்து மேலே இருக்கிறது. 4,700 கிலோ எடை என்பதால் அதை ஏற்ற ஸ்பேஸ்எக்ஸ் ராக்கெட்டுக்குப் போக வேண்டியிருந்தது என்பதும் உண்மை. மறைக்க ஒன்றுமில்லை. அடுத்தவனுக்கு ஏற்றிவிடத் தெரிந்த நாடு தனக்கென்று ஒரு தாழ்வட்டப்பாதை இணையக் கூட்டத்தைத் திட்டமிட ஏன் பணம் ஒதுக்கக் கூடாது? குலசேகரன்பட்டினத்தில் 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டிய ஏவுதளம் யாருக்காக?

செயற்கைக்கோள் உயிர்காக்கிற இடம் ஒன்று இருக்கு. அதைச் சந்தைக் கணக்கில் யாரும் பேச மாட்டேங்கிறாங்க. கடல்.

2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வந்தபோது குமரி மாவட்டத்தின் தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை மீனவர்கள் ஆழ்கடலில் இருந்தார்கள். புயல் வருதுன்னு சொல்ல வழி இல்லை. கரையில் இருந்து கொஞ்ச தூரம் போனாலே செல்போன் செத்துடும். வயர்லெஸ்ஸும் அவ்வளவு தூரம் எட்டாது. போனவர்களில் பலர் திரும்பவே இல்லை. அதுக்கப்புறம், 2024 ஆகஸ்டில்தான் ஒரு லட்சம் படகுகளுக்கு இஸ்ரோ தொழில்நுட்பத்தில் டிரான்ஸ்பாண்டர் பொருத்தும் 364 கோடி ரூபாய்த் திட்டம் தொடங்கியது. குறுஞ்செய்தி அனுப்பலாம், வாங்கலாம். நல்ல விஷயம், வரவேற்கிறோம். ஆனா 30, 40 நாள் கடலில் தங்கும் படகுக்கு வானிலைப் படமும் டாக்டரிடம் பேச ஒரு அழைப்பும் வேணும். அதைப் பொதுத்துறை மூலமா, மீனவர் கட்டக்கூடிய விலைக்குக் கொடுங்க. மானியம் கொடுக்கணும்னா அங்கே கொடுங்க. கேபிள் போட முடியாத இடம் அதுதான். கடலில் பள்ளம் தோண்டுன்னு யாரும் கேட்கல.

கேபிள் போக முடிகிற கிராமத்தில் கேபிள் போடாம, "வானத்தில் இருந்து வரும், காத்திரு" என்று சொல்றதைத்தான் எதிர்க்கிறோம். ஒருமுறை புதைத்த ஃபைபர் இருபது, முப்பது வருஷம் உழைக்கும். முனைக் கருவியை மட்டும் மாத்தினா வேகம் கூடும். ஸ்டார்லிங்க் செயற்கைக்கோளுக்கு ஆயுளே சுமார் ஐந்து வருஷம்தான், விழ விழப் புதுசு ஏற்றணும். அந்தச் செலவு யார் பில்லில் ஏறும்?

சுவிட்ச் யார் கையில் என்ற கேள்வியும் சின்னது இல்லை. 2022இல் கிரிமியா அருகே ஸ்டார்லிங்க் சேவையைத் திறக்கச் சொல்லி உக்ரைன் கேட்டபோது தான் மறுத்துவிட்டதாக மஸ்க்கே பின்னால் சொன்னார். போரில் இருக்கும் ஒரு நாட்டுக்கு இணையம் உண்டா இல்லையா என்பதை ஒரு தனி முதலாளி முடிவு செய்தார். 2025 ஜூலை 24 அன்று உலகம் முழுக்க ஸ்டார்லிங்க் இரண்டரை மணி நேரம் படுத்தது. நம்ம ஊராட்சி அலுவலகமும் ரேஷன் கடையும் அதை மட்டுமே நம்பி இருந்தா அன்னைக்கு என்ன பண்ணியிருப்போம்?

தோழர்களே, வர்ற ஜனவரி 26 கிராமசபை. போங்க. போறதுக்கு முன்னாடி உங்க ஊராட்சி சேவை மையத்தில் அந்த ரேக் இருக்கா, விளக்கு எரியுதா, யுபிஎஸ் உயிரோட இருக்கா பாருங்க. கிராமசபையில் மூணு கேள்வி கேளுங்க: நம்ம ஊராட்சிக்கு ஃபைபர் இணைப்பு எந்தத் தேதியில் வந்தது? பள்ளிக்கும் சுகாதார நிலையத்துக்கும் எப்போ வரும்? டிஜிட்டல் பாரத் நிதியில் இருந்து தனியார் டிஷ்ஷுக்கு மானியம் தரக் கூடாது, அந்தப் பணம் ஃபைபருக்கும் மீன்பிடிப் படகுக்குமே போகணும் என்று தீர்மானம் போடலாமா? தீர்மானத்தைப் பதிவேட்டில் எழுத வெச்சு நகல் வாங்குங்க.

ரேக் படத்தையும் தீர்மான நகலையும் ஊர், ஒன்றியம், மாவட்டம் பேரோட இந்தப் பதிவின் கீழே போடுங்க. பூட்டிக் கிடந்தா பூட்டைப் படம் எடுத்துப் போடுங்க. மாவட்ட வாரியாகத் தொகுத்து நம் கட்சி ஒன்றிய அரசுக்கும் ஃபைபர்நெட் கழகத்துக்கும் அனுப்பும்.

#கிராமத்துக்கு_ஃபைபர்_எங்கே
#டிஷ்_அவங்களுது_பில்_நம்மளுது